ஹெலிகாப்டர் அக்காவின் அறை

அந்தக் கட்டடத்தில் அக்காவின் நிஜப் பெயர் தெரிந்தவர்களை, தபால்காரரையும் சேர்த்து, ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். மற்ற எல்லாருக்கும் அவள் ஹெலிகாப்டர் அக்கா. பெயர் வைத்த புண்ணியவான் மேல்மாடிக்காரர். ஒரு மதிய வேளையில் படியிறங்கி வந்து கதவைத் தட்டியவர், "ஏம்மா, உள்ள ஹெலிகாப்டர் எதுவும் இறங்கியிருக்கா?" என்று கேட்டார். கேட்டதோடு போயிருந்தால் பரவாயில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம், கண்ணில் பட்டவர்களிடம் தன் நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டே ஏறினார். பெயர் ஒட்டிக்கொண்டது. அக்கா அதற்காக முகம் சுளித்ததில்லை. காய்கறிக்காரப் பெண் அப்படிக் கூப்பிட்டபோது சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே இறங்கியிருந்தது ஒரு கம்ப்யூட்டர். மேஜைக்குக் கீழே நிற்கும் கறுப்புத் தகரப் பெட்டி. அக்காவின் தொழில், இன்னும் கட்டாத வீடுகளுக்குப் படம் போடுவது. வெறும் மண்ணாகக் கிடக்கும் இடத்தில் நாளைக்கு எழும்பப் போகும் வீட்டை, சோபாவின்மேல் காலை வெயில் விழ, ஜன்னல் கண்ணாடியில் மேகம் தெரிய, போட்டோ எடுத்தது போலவே ஆக்கிக் கொடுப்பாள். கட்டடக்காரர்கள் அதைப் பெரிதாக அச்சடித்து ரோட்டோரம் நிறுத்துவார்கள். சுவர் எழுப்புவதும் நிறம் கொடுப்பதும் அக்காவின் வேலை. வெயில் எந்தப் பக்கம் விழும், நிழல் எவ்வளவு நீளும் என்று கணக்குப் போட்டுப் புள்ளி புள்ளியாகப் படத்தை உருவாக்குவது பெட்டியின் வேலை. அதற்கு ரெண்டர் என்று பெயர். ரெண்டர் போட்டால் உள்ளே இருக்கும் பிராசஸர், தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு சில்லு, மணிக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உழைக்கும். உழைத்தால் சூடாகும். சூடானால் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஃபேன் வேகம் எடுக்கும். ஃபேன் வேகம் எடுத்தால் மேல்மாடிக்காரர் படியிறங்கி வருவார்.

எப்போதுமே இந்தப் பாடு இருந்ததில்லை. அக்கா வேலை பார்த்த அலுவலகம் ஒரு காலத்தில் மூன்றாவது மாடியில், சால்வை போர்த்திக்கொண்டு உட்கார வேண்டிய அளவுக்கு ஏசி போட்டு இயங்கியது. அங்கே இதே பெட்டி பூனை மாதிரி கிடந்தது. பிறகு முதலாளிக்கு ஞானம் பிறந்தது. எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள், பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அவருடைய பெருந்தன்மையை எல்லாரும் புகழ்ந்தார்கள். வாடகையும் கரண்ட் பில்லும் மிச்சமாகிறபோது யாருக்குத்தான் பெருந்தன்மை வராது? அக்கா பெட்டியை ஆட்டோவில் வைத்து, குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

வீடு என்றால் ஒரு படுக்கையறை, ஒரு கூடம், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய சமையலறை. அக்கா வரைபடப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கும்போது அப்பா போனார். அவர் போன துக்கத்திலேயே அம்மாவும் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. தம்பிக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை. அக்கா பகலில் ஆபீஸ், மாலையில் தம்பியின் கணக்குப் பாடம், நடுவில் சமையல் என்று ஓடினாள். பெண் கேட்டு வந்தவர்களிடம் "தம்பி படிப்பு முடியட்டும்" என்றாள். படிப்பு முடிந்ததும் "அவனுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும்" என்றாள். வேலையும் கிடைத்தது. அதற்குள் கேட்டு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். உறவுக்காரர்கள் இதைத் தியாகம் என்பார்கள். செய்கிறவர்கள் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. செய்ததை வாங்கிக்கொண்டவர்கள்தான், கணக்குத் தீர்ந்தது என்கிற மாதிரி அதை எடுத்து நீட்டுவார்கள்.

தம்பி கல்யாணம் ஆனதும் படுக்கையறையை அவர்களுக்கு விட்டுவிட்டு அக்கா கூடத்துக்கு வந்தாள். கூடத்தில் ஒரு பகுதியைப் பிளைவுட் வைத்துத் தரையிலிருந்து கூரைவரை தடுத்து ஒரு கதவும் போட்டார்கள். ஜன்னல் கூடத்தின் பக்கம் போய்விட்டது. அக்காவுக்கு ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு பிளக் பாயின்ட். "எனக்கு இது போதும்ப்பா" என்றாள். போதும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள். அந்த வார்த்தையை யாரும் இரண்டாம் முறை கேட்டுச் சரிபார்த்ததில்லை.

ஜன்னலில்லாத அந்தப் பெட்டிக்குள் இந்தப் பெட்டி வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? அது விட்ட வெப்பக் காற்றையே அது திரும்பக் குடித்தது. மானிட்டரின் மூலையில் பிராசஸரின் சூட்டைக் காட்டும் எண் ஒன்று இருந்தது. ஆபீஸில் அறுபதைத் தாண்டாத எண், இங்கே தொண்ணூறில் போய் நின்றது. ஃபேன் அலறியது. அக்காவின் ரவிக்கை முதுகு எப்போதும் ஈரமாக இருந்தது. வெளியே கிளம்பினால் மட்டும் பெட்டியை அணைத்துவிட்டுப் போவாள். ஆளில்லாத நேரத்தில் தீப்பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று தம்பிக்குப் பயம். அதனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. சத்தம் கேட்டால் அக்கா இருக்கிறாள். கேட்காவிட்டால் வெளியே போயிருக்கிறாள். கதவைத் தட்டிப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லவன். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். எவரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். எதிர்த்துப் பேசாதவர்களை எல்லாம் நல்லவர்கள் பட்டியலில் சேர்த்துவிடுகிற உலகம் இது. எதையும் சுற்றி வளைத்து, எதிராளியே சொல்லும்படி கொண்டுவந்து நிறுத்துவான். சின்ன வயதில் சைக்கிள் வேண்டும் என்று அவன் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், கால் எப்படி வலிக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று அக்காதான் சொன்னாள்.

குழந்தை பிறந்து, தவழத் தொடங்கியிருந்த சமயம். ஒரு மாலை தம்பி அக்காவின் அறைக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுடா."

"பாப்பா சரியாத் தூங்கறதில்லை. டாக்டர்கூடச் சொல்றாரு, இந்த வயசுல தூக்கம் ரொம்ப முக்கியமாம். இந்தச் சத்தம்..." பெட்டியைப் பார்த்தான். "உன்னையும் குறை சொல்ல முடியாது. உன் வேலை. என் ஆபீஸ்ல ஒரு பொண்ணு லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கா. நல்லா காத்தோட்டமான ரூமாம், ஜன்னலெல்லாம் இருக்காம். சும்மா சொல்றேன். உனக்கும் இந்தச் சூட்டுல எவ்வளவு கஷ்டம்?"

 ஹாஸ்டல் என்ற வார்த்தை அக்காவுக்குச் சரியாகவே கேட்டது. ஆனால் அவள் வேலையில் பழகிய புத்தி ஒன்று இருந்தது. ஒரு படத்தில் நிழல் தப்பாக விழுந்தால், வெயிலை எங்கே வைத்தோம் என்று பார்க்க வேண்டும். காரணத்தைப் பிடித்துச் சரிசெய்தால் நிழல் தானாக ஒழுங்காகிவிடும். மனிதர்களும் அப்படித்தான், காரணம் என்று ஒன்றைச் சொன்னால் அதுதான் காரணமாக இருக்கும் என்று அவள் நம்பினாள். அவ்வளவு வயதுக்குப் பிறகும் நம்பினாள். யாரை நொந்துகொள்வது?

"சத்தம்தானே பிரச்சினை?" என்றாள்.

"ஆமாக்கா. வேற என்ன?"

"அதைச் சரி பண்ணிட்டா?"

தம்பி ஒரு நொடி தயங்கினான். "சரி பண்ணிட்டா அப்புறம் என்ன பேச்சு? மாசக் கடைசி வரைக்கும் பாரேன். அவசரமில்லை."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த வீட்டில் அவள் இருப்பதா வேண்டாமா என்பது ஒரு ஃபேனின் கையில் இருக்கிறது. ஃபேனை வழிக்குக் கொண்டுவந்துவிட்டால் குழந்தை தவழ்ந்து வந்து தன் கதவைத் தட்டுகிற வாழ்க்கை தொடரும். இதைவிட எளிதாக யாராவது அவள்முன் வாழ்க்கையை வைத்திருக்கிறார்களா?

மறுநாளே பெட்டியைப் பிரித்தாள். உள்ளே பஞ்சு மெத்தை தைக்கும் அளவுக்குத் தூசி. பெயின்ட் பிரஷ்ஷால் ஃபேனை இதழ் இதழாகத் துடைத்தாள். பிராசஸருக்கும் அதன் சூட்டை வாங்கிக்கொள்ள மேலிருக்கும் உலோகக் கட்டிக்கும் நடுவில் பூசும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காகியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு வைக்கக் கடைக்குப் போனாள்.

உதிரிபாகக் கடைக்காரர் வாயாடி. "சில பேரு இதை ரொட்டிக்கு வெண்ணெய் தடவற மாதிரித் தடவுறாங்க. பட்டாணி அளவு போதும்மா" என்றார். பிறகு அவளுடைய பழைய ஃபேனை வாங்கி விரலால் சுழற்றிக் காதோரம் வைத்துக் கேட்டார். "இது ஃபேன் இல்ல, மாமியார். சின்ன உருவம், ஓயாத சத்தம். பெரிய ஃபேனாப் போடுங்க. பெரிசு மெதுவாச் சுத்தினாலே நிறைய காத்து தள்ளும்."

"சத்தமே இருக்கக் கூடாது."

"சத்தமே கூடாதுன்னா பிளக்கைப் புடுங்கிடுங்க" என்று சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து, "வீட்ல சண்டையா?" என்றார்.

"சண்டையெல்லாம் இல்லை. பாப்பா தூங்கணும்."

அவர் அதற்குமேல் விளையாடவில்லை. உள்ளேயிருந்து கனத்த உலோகக் கட்டியும் இரண்டு அகலமான ஃபேன்களும் எடுத்து வைத்தார். அக்கா தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தைக் கொடுத்து வாங்கினாள்.

புது ஃபேன் போட்டதும் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தது தப்பாகப் போனது. முதல் நாள் ஆசையில் ஃபேன் வேகத்தை ஒரேயடியாகக் குறைத்தாள். அறை அமைதியானது. அமைதியில் மயங்கி அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது எண் நூறைத் தொட்டது. பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொண்டு, முக்கால்வாசி முடிந்திருந்த ஒரு வீட்டையும் விழுங்கிவிட்டது. கட்டடக்காரர் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினார். "உங்களால முடியலேன்னா சொல்லிடுங்க மேடம், வேற ஆள் பாத்துக்கறேன்." அக்கா மன்னிப்புக் கேட்டாள். ஒரு முறை அல்ல, போனை வைக்கும்வரை கேட்டாள்.

அடுத்ததாக, ஃபேன் சும்மா ஏறி இறங்கியது. எண் கொஞ்சம் கூடினால் சீறும், கொஞ்சம் குறைந்தால் அடங்கும், திரும்பச் சீறும். ஒரே மாதிரி ஓடுகிற சத்தத்தை மனுஷன் மறந்துவிடலாம்; ஏறி இறங்குகிற சத்தம்தான் ஆளைக் கொல்லும். எண் ஏறினாலும் உடனே துள்ளாமல் ஃபேன் கொஞ்சம் பொறுத்துப் படிப்படியாக வேகம் எடுக்கும்படி மாற்றினாள். பிராசஸர் தன் முழு வேகத்துக்குப் போகாதபடி அதற்குப் போகும் மின்சாரத்துக்கும் கடிவாளம் போட்டாள். அதற்கு விலை இருந்தது. ஒரு பகலில் வெந்து வந்த படம் இப்போது மறுநாள் வரை இழுத்தது. இரண்டு வேலைகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள். தம்பியிடம் அதைச் சொல்லவில்லை.

அப்படியும் ஒரு உறுமல் மிஞ்சியது. எங்கிருந்து வருகிறது என்று தேடி, கடைசியில் பிளைவுட்டில் காதை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். பெட்டி தடுப்பில் சாய்ந்திருந்தது. தடுப்பு முழுவதும் அதோடு சேர்ந்து அதிர்ந்தது. இழுத்து நடுவில் வைத்து, கீழே ரப்பர் துண்டுகளைக் கொடுத்தாள். உறுமல் அடங்கியது. ஆனால் வெப்பம் வெளியே போக வழியில்லை. போகாதவரை ஃபேன் ஓடித்தான் ஆக வேண்டும். தடுப்பின் உச்சியில், கூரையை ஒட்டி, ஒரு முழ உயரத்துக்கு நீளவாக்கில் பிளைவுட்டை அறுத்து எடுத்துவிட்டால் வெப்பக் காற்று கூடத்துக்குப் போய் ஜன்னல் வழியாக வெளியேறிவிடும். தம்பி மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அதுக்கென்னக்கா, தாராளமா எடுங்க. அந்தப் புழுக்கத்துல நீங்க எப்படித்தான் உக்காந்திருக்கீங்களோ" என்றாள் அவள். அதில் பொய் இருந்ததாகத் தெரியவில்லை.

தச்சர் வந்து அறுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அக்கா ரெண்டர் போட்டுவிட்டு மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு. எழுபது. எழுபத்தொன்று. அங்கேயே நின்றது. ஃபேன் ஓடுகிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது, ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. டீ போட்டு இரண்டு பேருக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "ஏதாவது கேக்குதா?" என்றாள்.

இருவரும் காதைத் தீட்டினார்கள்.

"வேலை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. கேக்குதா சொல்லுங்க!"

"ஒண்ணும் கேக்கலையே" என்றாள் தம்பி மனைவி.

"பிரமாதம்க்கா" என்றான் தம்பி. டீயைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறையும் சொன்னான், "பிரமாதம்."

அக்கா பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி அறைக்குத் திரும்பினாள்.

அந்த வாரக் கடைசியில் தம்பியும் மனைவியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அக்காவும் ஒரு கட்டடக்காரரைப் பார்த்துப் படம் கொடுத்துவிட்டு வரவேண்டிய நாள். முதல்நாளே அவர்களிடம் சொல்லியும் வைத்திருந்தாள். கடைசி நேரத்தில் அவர் வராதீர்கள் என்று சொல்லிவிட்டதால், அடுத்த படத்துக்கு ரெண்டர் போட்டுவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளிக்கதவு திறக்கும் சத்தமும் குழந்தையின் சிணுங்கலும் கேட்டன. எழுந்து போய்க் குழந்தையை வாங்கிக்கொள்ளலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளப் போனாள்.

"இப்ப பாருங்க, தூங்கவே மாட்டேங்கிறா" என்று தம்பி மனைவியின் குரல் தடுப்பின் உச்சி வழியாக, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி வந்தது. "முன்னெல்லாம் அந்தச் சத்தத்துலயே சொக்கிப்போயிடுவா. இப்ப குண்டூசி விழுந்தா முழிச்சுக்கறா."

"மெதுவாப் பேசு."

"யாரு இருக்கா? உங்கக்கா படம் குடுக்கப் போயிருக்காங்க. கேக்கலையே சத்தம்."

வாசலில் கிடந்த செருப்பை யார் பார்க்கப் போகிறார்கள்? காதுதான் சொல்லிவிட்டதே. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இதோ இருக்கிறேன் என்று குரல் கொடுத்து அவர்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று வாயைத் திறந்தாள்.

"எங்கம்மா கேட்டதுக்கு நீங்க ஒரு பதிலும் சொல்லலையே" என்றாள் தம்பி மனைவி. "அவங்க வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டாரு. நான் வேலைக்குத் திரும்பினா பாப்பாவைப் பாத்துக்கவும் ஆள் வேணும். இங்க வந்துடுங்கன்னு சொன்னது நீங்கதான். எப்ப வரட்டும்னு கேக்கறாங்க."

"ரூம் காலியாகட்டும்."

"எங்க காலியாச்சு? சத்தம்தான் காலியாச்சு."

தம்பி பெருமூச்சு விட்டான். "இதை நான் எதிர்பாக்கலை. சத்தம் தாங்கலைன்னு சொன்னா, புரிஞ்சுக்கிட்டு அவளே ஹாஸ்டல் பாத்துப்பான்னு நினைச்சேன். இவ என்னடான்னா பெட்டியைப் பிரிச்சுப் போட்டு ரிப்பேர் பண்ண உக்காந்துட்டா."

"பாவம், நாளெல்லாம் அதைத்தானே நோண்டிக்கிட்டு இருந்தாங்க. பேசாம நேராவே சொல்லிடுங்களேன், இந்த மாதிரி இடம் வேணும்னு."

"நேரா எப்படிச் சொல்றது? வளர்த்தவ. அக்காவைத் துரத்திட்டான்னு நாலு பேரு பேசமாட்டாங்களா? அவளாப் போனாத்தான் மரியாதை. வேற ஏதாவது காரணம் கிடைக்காமலா போயிடும்?"

"தனியா அங்க போய் அவங்க..."

"இங்க மட்டும் என்ன வாழுது? அந்தப் பெட்டியோடதானே பேசிக்கிட்டு இருக்கா. அவளுக்கு எங்க இருந்தா என்ன? ஒரு பிளக் பாயின்ட் இருந்தாப் போதும்."

திறந்த வாயை மூட அக்காவுக்கு வெகுநேரம் ஆயிற்று.  முதலில் வந்தது கோபம் அல்ல, வெட்கம். டீ டம்ளரை நீட்டிக்கொண்டு "கேக்குதா, கேக்குதா" என்று பல்லைக் காட்டியதை நினைத்து உடம்பு கூசியது. தம்பி மனைவியின்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் எழவில்லை. பெற்றவர்களைக் கூடவே வைத்துக்கொள்ள எந்தப் பெண்தான் ஆசைப்படமாட்டாள்? நேராகச் சொல்லச் சொன்னவளும் அவள்தான். இவன் வாயால் ஒரு வார்த்தை, 'அக்கா, எனக்கு இந்த அறை வேணும்' என்று கேட்டிருந்தால், அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாளே. இவன் கேட்டு எதைத் தராமல் இருந்தாள்? கேட்கக்கூட மனசில்லாமல் ஒரு ஃபேனைப் பிடித்து நடுவில் நிறுத்திவிட்டானே!

அதைவிட மோசம், இப்போது அவளால் அசைய முடியவில்லை. நாற்காலி முனகினால் கேட்கும். தொண்டை கமறியது, இருமினால் கேட்கும். பழைய ஃபேன் ஓடியபோது அவள் உள்ளே பாட்டுப் பாடினாலும் யாருக்கும் தெரியாது, அவர்கள் வெளியே என்ன பேசினாலும் இவளுக்கும் தெரியாது. அந்த அலறல்தான் இத்தனை காலம் இந்தக் குடும்பத்தைச் சேர்த்து வைத்திருந்தது போலிருக்கிறது. அதைத் துடைத்து எடுத்ததும் அவளே, மேலே வழி அறுத்து விட்டதும் அவளே. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, குழந்தை அழுது அழுது ஓய்ந்து, அவர்கள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை சிலையாக உட்கார்ந்திருந்தாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திருடி மாதிரி வெளியே போனாள். தெருமுனைவரை நடந்தாள். எங்கே போவது என்று தெரியாமல் மருந்துக்கடை வாசலில் கொஞ்சம் நின்றாள். திரும்பி வந்து, கதவைச் சத்தமாகத் திறந்து, "வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தாள்.

"வாக்கா. படம் குடுத்தாச்சா?" என்று தம்பி படுக்கையறையிலிருந்து கேட்டான்.

"குடுத்தாச்சு."

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பித் தம்பி தலை வாரிக்கொண்டிருக்கும்போது, பெட்டி திடீரென்று அலறியது. பழைய அலறல் அல்ல. இரண்டு பெரிய ஃபேன்களும் ஒன்றாகக் கத்திய கத்தல். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மேலே யாரோ தரையை மிதித்தார்கள்.

அக்கா எந்தப் படமும் போட்டிருக்கவில்லை. மானிட்டரின் மூலையில் எண் முப்பத்தெட்டு. ஃபேனைத் தானாக ஓடவிடாமல், தானே முழு வேகத்துக்கு ஏற்றி வைத்துவிட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். அவனுக்கு ஒரு காரணம் வேண்டும். இருந்த ஒரே காரணத்தையும் அவள்தான் ராப்பகலாக உழைத்துப் பிடுங்கியிருந்தாள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போயிற்று. வேறு காரணம் தேடி அவன் இன்னும் தாழ்ந்து போவதை உட்கார்ந்து பார்க்க அவளால் முடியாது.

சீப்போடு தம்பி உள்ளே வந்தான். "என்னக்கா இது, மறுபடியும்?" என்று கத்தினான். கத்தினால்தான் கேட்டது.

"தெரியலைப்பா. பழைய மெஷின். உள்ள ரொம்பச் சூடாகுது. ஃபேன் போட்டும் தாங்கலை." அக்காவும் கத்தினாள். "இதுக்கு மேல என்னால முடியாது. நீ சொன்ன ஹாஸ்டல்லயே கேட்டுப் பாக்கறேன்."

தம்பியின் முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் வருத்தம் வந்தது. நிஜமாகவே வந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. அதற்குப் பின்னாலேயே ஒரு நிம்மதி வந்து அந்த வருத்தத்தை ஒதுக்கித் தள்ளியது. எதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, குனிந்து பெட்டியின் பின்பக்கம், காற்று வெளியேறுகிற இடத்தில், கையை வைத்தான். ரெண்டர் ஓடும்போது அந்தக் காற்று அடுப்புக்கு எதிரில் நிற்பது போலச் சுடும். அந்த வீட்டில் அது எல்லாருக்கும் தெரியும்.

வெளியே வந்துகொண்டிருந்தது குளிர்ந்த காற்று.

அவன் கை அங்கேயே நின்றது. விரல்களை விரித்தான், மடக்கினான். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். இப்போதாவது கேட்பான், ஏன்க்கா இப்படிப் பண்றே என்று ஒரு வார்த்தை கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள்.

தம்பி கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ஆமாக்கா" என்றான். "ரொம்பச் சூடாத்தான் இருக்கு. பாவம், நீயும் என்னதான் பண்ணுவே?"